லாரி ரோபோ ஆயாச்சு, அப்புறம்?

2023 மே 27, சனிக்கிழமை. வண்டிகள் ரோபோவாக மாறும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையின் ஏழாவது படமான ‘ரைஸ் ஆஃப் தி பீஸ்ட்ஸ்’ உலகத்திலேயே முதன்முதலாக நம் சிங்கப்பூர் மரினா பே சேண்ட்ஸில்தான் திரையிடப்பட்டது. இயக்குநரும் நடிகர்களும் நேரில் வந்திருந்தார்கள். எனக்கு அழைப்பெல்லாம் இல்லை. ஈசூனில் ஒரு காப்பிக்கடையில் அக்கா மகனோடு உட்கார்ந்து, அவன் கைப்பேசியில் வந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில் இருந்தான். வார இறுதிக்கு புக் அவுட் ஆகி வந்திருந்தான். மொட்டைத் தலையில் அப்போதுதான் முடி எட்டிப் பார்த்தது.

“சுமாராத்தான் இருக்கும் மாமா. பழசு மாதிரி வராது” என்றான்.

பழசு என்று அவன் சொன்னதும் எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. 1984-இல் வந்த கார்ட்டூனைச் சொல்கிறான் என்று நினைத்தேன். பையன் வளர்ந்துவிட்டான், ரசனை வந்துவிட்டது என்றுகூட ஒரு நொடி பெருமைப்பட்டேன். இல்லை. அவன் சொன்னது 2009-இல் வந்த இரண்டாம் பாகத்தை, ‘ரிவெஞ்ச் ஆஃப் தி ஃபாலன்’ என்ற படத்தை. ஆறு வயதுப் பிள்ளையாக அவன் என் மடியில் உட்கார்ந்து பார்த்த படம். படம் முடிந்து தலைவலியோடு வெளியே வந்து, ‘இவர்கள் என் ஆப்டிமஸ் பிரைமைக் கெடுத்துவிட்டார்கள்’ என்று நான் பார்த்தவர்களிடமெல்லாம் புலம்பிய அதே படம். ஆப்டிமஸ் என்பது லாரியாக மாறும் ரோபோத் தலைவர்.

ஒரே அரங்கு, ஒரே இருக்கை என்றே சொல்லலாம். கருத்து மட்டும் இப்படி எதிரும் புதிருமாக எப்படி ஆனது? சின்ன வயதில் பார்த்த கார்ட்டூனை லைவ் ஆக்‌ஷனாக, அதாவது நிஜ மனிதர்கள் நடிக்கும் படமாக எடுத்து, அதற்கு இரண்டாம் பாகமும் எடுக்கும்போது, ஏன் ஒரு கூட்டம் கொதிக்கிறது, இன்னொரு கூட்டம் கைதட்டுகிறது? நம் ரசனை, அவர்கள் ரசனை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதற்குப் பின்னால் பொம்மை வியாபாரம், கம்ப்யூட்டர் செலவு, ஒரு வேலைநிறுத்தம் எல்லாம் இருக்கின்றன.

முதலில் பொம்மை. ஜப்பானின் தகாரா நிறுவனத்திடம் வண்டியாகவும் ரோபோவாகவும் மாறும் பொம்மைகள் இருந்தன. அவற்றுக்கென்று குணமோ கதையோ கிடையாது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ அவற்றை வாங்கி, மார்வெல் நிறுவனத்திடம் கதை எழுதச் சொன்னது. பாப் புடியான்ஸ்கி என்ற எழுத்தாளர் பெரும்பாலான பொம்மைகளுக்குப் பெயர், குணம், ஒரு குட்டி வரலாறு என்று எழுதித் தள்ளினார். 1984-இல் பொம்மையும் காமிக்ஸும் கார்ட்டூனும் சேர்ந்தே வந்தன. அமெரிக்க அதிபர் ரேகன் ஆட்சியில் சிறுவர் நிகழ்ச்சி விளம்பர விதிகள் தளர்ந்திருந்ததால்தான், கடையில் விற்கும் பொம்மையை வைத்து முழுத் தொடரே எடுக்க முடிந்தது. வெளிப்படையாகச் சொன்னால், நாம் உருகி உருகிப் பார்த்தது 22 நிமிட விளம்பரம்.

இதைச் சொன்னால் என் தம்பிக்கு இன்றைக்கும் கோபம் வரும். அங் மோ கியோவில் மூவறை வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் நாங்கள் வளர்ந்தோம். அலைவாங்கியைச் சரியாகத் திருப்பினால் மலேசிய ஒளிவழிகளும் கிடைக்கும் காலம். வீட்டில் முழுக்கத் தமிழ்தான். பள்ளிக்கு வெளியே எங்கள் காதில் விழுந்த ஆங்கிலத்தில் பாதி கார்ட்டூன் ஆங்கிலம். நிஜப் பொம்மை வாங்கும் வசதி இல்லை. பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில் வாங்கிய போலி லாரிதான் எங்களிடம் இருந்தது. தலை வெளியே வரும், கை வராது. மாமா மகனிடம் மட்டும் அசல் இருந்தது. அதன் பெட்டியில் ஒரு அட்டை இருக்கும். அந்த ரோபோவின் பலம், அறிவு, வேகம், துணிவு எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டிருப்பார்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாது. கூடவே வரும் சிவப்புப் பிளாஸ்டிக் துண்டை மேலே வைத்தால் தெரியும். ஆப்டிமஸ் பிரைமுக்குத் துணிவு 10. எங்கள் போலி லாரிக்கு அட்டை இல்லை என்பதால் தம்பி ஒரு பழைய நாட்காட்டித் தாளில் அவனே எழுதி வைத்தான். துணிவு 10, பலம் 10, கை 0.

ஆப்டிமஸை நாங்கள் ‘ஆப்டிமஸ் அண்ணன்’ என்றுதான் சொல்வோம். அந்தக் குரல் அப்படி இருந்தது. அதட்டாது, ஆனால் சொன்னால் கேட்கத் தோன்றும். குரல் கொடுத்த பீட்டர் கல்லன் தன் சொந்த அண்ணனை மனதில் வைத்துத்தான் அப்படிப் பேசியதாகப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வியட்நாம் போரில் பணியாற்றியவர் அந்த அண்ணன். பலசாலி மென்மையாகவும் இருக்கலாம் என்று தம்பிக்குச் சொல்லி அனுப்பியவர். அந்த அண்ணன் பெயர் என்ன தெரியுமா? லாரி. ஆங்கிலத்தில் எழுத்து வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். இது தெரிந்த அன்று தம்பிக்கு இரவு பதினொரு மணிக்கு போன் போட்டேன்.

ரசிகர்களின் கொதிப்பு இணையம் வந்த பிறகு கிளம்பிய நோய் என்று சிலர் நினைக்கிறார்கள். 1986-இலேயே நடந்தது அது. அந்த ஆண்டு வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் அனிமேஷன் படத்தில் ஆப்டிமஸ் பிரைம் செத்துப்போகிறார். பழைய பொம்மைகளை ஒதுக்கிவிட்டுப் புதியவற்றை விற்க வேண்டும்; அதற்காகப் பழைய பாத்திரங்களை வரிசையாகக் கொன்றார்கள். அரங்குகளில் பிள்ளைகள் அழுதார்கள், பெற்றோர் கோபப்பட்டார்கள். மறு ஆண்டே தொடரில் ஆப்டிமஸை உயிரோடு கொண்டுவர வேண்டியதாயிற்று. அதே நிறுவனத்தின் ஜி.ஐ. ஜோ படத்தில் சாக வேண்டிய டியூக் என்ற பாத்திரம்கூட இந்தக் கூச்சலால் பிழைத்தது. கோமாவில் இருக்கிறார் என்று ஒரு வசனத்தைச் சேர்த்துச் சமாளித்தார்கள். பொம்மை என்று அவர்கள் நினைத்ததைப் பிள்ளைகள் ஆளாக நினைத்திருந்தார்கள் என்பது நிறுவனத்துக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

சரி, லைவ் ஆக்‌ஷனுக்கு வருவோம்.

2007-இல் மைக்கேல் பே இயக்கத்தில் முதல் படம் வருவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. ஆப்டிமஸ் லாரியில் தீப்பிழம்பு வரைந்திருக்கிறார்கள், பம்பிள்பீ என்ற ரோபோ வோக்ஸ்வாகன் பீட்டில் காராக இல்லாமல் கமாரோ காராக வருகிறது என்றெல்லாம். ஆனால் பீட்டர் கல்லனின் குரலை விடாமல் வைத்துக்கொண்டார்கள். படமும் ஓடியது: உலகம் முழுக்கச் சுமார் 709 மில்லியன் அமெரிக்க டாலர் வசூல். ஏன் ஓடியது என்றால், அந்தப் படத்திடம் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. லாரி ரோபோவாக மாறுவது நிஜத்தில் எப்படி இருக்கும்? ஆப்டிமஸின் கம்ப்யூட்டர் வடிவத்தில் மட்டும் 10,108 பாகங்கள். அந்தப் பாகங்கள் மடிந்து, சுழன்று, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து எழுந்து நின்றபோது அரங்கில் நான் கைதட்டினேன். 29 வயது ஆள். பக்கத்தில் இருந்த சீன மூதாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். கதை என்ன என்று யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கு எனக்குப் பதில் தெரிந்திருக்காது, தேவையும் படவில்லை.

அந்தக் கேள்வியை இரண்டு தடவை கேட்க முடியாது. இரண்டாம் பாகம் வரும்போது லாரி மாறுவதைப் பார்த்தாகிவிட்டது. இப்போது ரசிகன் கேட்பது வேறு: அப்புறம்? இந்த அண்ணன் யார், என்ன யோசிக்கிறார், எதிரியிடம் ஏன் இத்தனை கோபம், மற்ற ரோபோக்களோடு எப்படிப் பழகுகிறார்? கார்ட்டூன் இதைத்தான் வாராவாரம் செய்தது. படம் வரைவதற்கு ரோபோ நின்றாலும் ஒன்றுதான், பேசினாலும் ஒன்றுதான், பறந்தாலும் ஒன்றுதான். அதனால் ரோபோக்கள் உட்கார்ந்து வாயடித்தன, பொறாமைப்பட்டன, ஒருவரை ஒருவர் கேலி செய்தன. கார்ட்டூனில் மனிதர்கள்தான் ஓரத்தில் நிற்பார்கள்.

லைவ் ஆக்‌ஷனில் கணக்கு தலைகீழ். நாயகனாக நடித்த ஷியா லபூஃப் நாற்காலியில் உட்கார்ந்து நான்கு நிமிடம் பேசினால் ஒரு கேமராவும் சில விளக்குகளும் போதும். ஆப்டிமஸ் அதே நான்கு நிமிடம் பேசினால் நூற்றுக்கணக்கானோர் மாதக்கணக்கில் வேலை பார்க்க வேண்டும். இரண்டாம் பாகத்தில் பல வண்டிகள் சேர்ந்து ஒன்றாகும் டெவாஸ்டேட்டர் என்ற அரக்க ரோபோவுக்கு மட்டும் 52,000-க்கு மேல் பாகங்கள். ஐமேக்ஸ் அளவில் அதன் ஒரு பிரேமை உருவாக்கவே கம்ப்யூட்டர்களுக்கு 72 மணி நேரம் ஆனதாம். ஒரு நொடிக்கு 24 பிரேம். இவ்வளவு செலவில் வரும் ரோபோவை வாசலில் உட்கார வைத்து ஊர்க்கதை பேசவிட எந்தத் தயாரிப்பாளருக்கு மனம் வரும்? வந்தால் சண்டை போட வேண்டும், எதையாவது உடைக்க வேண்டும், போக வேண்டும். பேச்சு முழுக்க மனிதர்கள் தலையில். கல்லூரி, காதல், அம்மா அடிக்கும் கூத்து என்று படம் நீண்டதற்கு இதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

இதற்கு மேல் அந்தப் படத்துக்கு ஒரு கெட்ட நேரமும் சேர்ந்துகொண்டது. 2007 நவம்பர் 5-ஆம் தேதி ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 2008 பிப்ரவரி 12 வரை நீடித்தது. எழுத்தாளர்கள் ஒரு கதைச்சுருக்கத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெளியீட்டுத் தேதியோ ஏற்கெனவே குறித்தாகிவிட்டது. இயக்குநரே அதை நீட்டி எழுதி ஆயத்தங்களைத் தொடர்ந்தார். படம் சரியாக வரவில்லை என்று பின்னாளில் மைக்கேல் பேயே பேட்டியில் ஒப்புக்கொண்டு, வேலைநிறுத்தத்தைக் காரணமாகச் சொன்னார். இரண்டரை மணி நேரப் படம். ஆப்டிமஸ் காட்டில் நடக்கும் சண்டையில் செத்து, உச்சக்கட்டம் வரைக்கும் பிணமாகவே கிடக்கிறார். நான் யாரைப் பார்க்கக் காசு கொடுத்துப் போனேனோ, அவர் படுத்துக் கிடக்கிறார்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்கிட்ஸ், மட்ஃப்ளாப் என்று இரட்டை ரோபோக்கள். கறுப்பினத்தவரைக் கேலி செய்வதுபோலப் பேச்சு, தங்கப்பல், எழுதப் படிக்கத் தெரியாது என்று ஒரு ஜோக். அமெரிக்காவில் அதற்குக் கடும் கண்டனம் எழுந்தது. எனக்கு அது அரங்கிலேயே நெருடியது. திரையில் நம்மாள் வந்தாலே தலையை ஆட்டிப் பேச வைத்துச் சிரிக்க வைப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். எங்கிருந்து அந்தச் சிரிப்பு வருகிறது என்று நமக்குச் சட்டென்று தெரிந்துவிடும். மடியில் இருந்த மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான். ஆறு வயது, அவனுக்கு அது இரண்டு தத்துப்பித்து ரோபோக்கள், அவ்வளவுதான்.

இத்தனைக்குப் பிறகும் படம் சுமார் 836 மில்லியன் டாலர் வசூலித்தது. முதல் படத்தைவிட அதிகம். இங்கேதான் ‘ரசிகர் கருத்து’ என்று நாம் சொல்லும் சமாச்சாரம் குழம்புகிறது.

விமர்சகர்களைத் தொகுக்கும் ராட்டன் டொமேட்டோஸில் அந்தப் படம் 20 விழுக்காட்டை ஒட்டித்தான் நிற்கிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதை யாராவது போட்டால், ‘நூற்றுக்கு இருபதா, ஃபெயிலா’ என்று கேட்பார்கள். அது மதிப்பெண் கிடையாது. ஐந்து விமர்சகர்களில் ஒருவர் படத்தைப் பரவாயில்லை என்றார் என்று மட்டுமே அதற்குப் பொருள். எல்லாரும் ‘சுமார்’ என்று ஒரே குரலில் சொன்னால் 100 விழுக்காடுகூட வரலாம்! ரசிகர்கள் போடும் மதிப்பெண் தனிக் கதை. படம் பார்க்காமலேயே கூட்டம் சேர்ந்து திட்டித் தீர்ப்பது பெருகியதால், 2019-இலிருந்து டிக்கெட் வாங்கியவர்களின் கருத்தை அந்தத் தளம் தனியே காட்டத் தொடங்கியது.

சினிமாஸ்கோர் என்று இன்னொன்று உண்டு. அமெரிக்காவில் வெளியீட்டு நாளன்று அரங்கை விட்டு வருபவர்களிடம் சீட்டு கொடுத்து, பள்ளிக்கூடத்தில்போல ஏ, பி என்று தரம் போடச் சொல்வார்கள். முதல் நாளே அடித்துப்பிடித்துப் போகிறவன் பாதி மனதைக் கொடுத்துவிட்டுத்தான் போகிறான், கருணையோடுதான் திருத்துவான். அப்படிப்பட்டவர்களிடம் 2007 படம் ஏ வாங்கியது, 2009 படம் பி பிளஸ். தலைவர் படத்தின் முதல் காட்சியில் போய்க் கருத்து கேட்டு, அங்கேயே நாலு பேர் ‘பரவால்ல’ என்று இழுத்தால் என்ன பொருளோ, அதுதான் பி பிளஸ்ஸுக்கும்.

தலைவர் என்றதும் எந்திரன் நினைவுக்கு வருகிறது. இந்த விவகாரம் நமக்குப் புரியாத ஒன்றா என்ன? 2010-இல் எந்திரன் வந்தபோது சிட்டி எப்படி நடக்கும், எப்படிப் பேசும் என்பதே திருவிழா. காதலிக்கக் கற்றுக்கொண்டு, கெட்டுப்போய், கடைசியில் தன்னைத் தானே கழற்றிப் போடும் ரோபோ அது. கழற்றும்போது தேக்கா பக்கத்து அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். 2018-இல் 2.0 வந்தது. கைப்பேசிகள் பறந்தன, பறவை எழுந்தது, செலவு திரையில் தெரிந்தது. அரங்கை விட்டு வெளியே வந்தபோது என் காதில் விழுந்தது என்னவோ, ‘கிராஃபிக்ஸ் சூப்பர், ஆனா பழைய சிட்டி இல்லையே’ என்பதுதான். அதுவும் கார்ட்டூனிலிருந்து வந்த படமில்லை. நோய் மட்டும் அதே நோய்.

கார்ட்டூன் வழி வந்த மற்றப் படங்களிலும் இது உண்டு. நிஞ்சா ஆமைகளின் 2014 லைவ் ஆக்‌ஷன் படத்தைப் பழைய ரசிகர்கள் திட்டினார்கள். 2016-இல் வந்த இரண்டாம் பாகத்தில் கார்ட்டூனில் இருந்த பன்றி வில்லன், காண்டாமிருக வில்லன், மூளை வடிவ கிராங், ஆமைகளின் வேன் என்று கேட்டதையெல்லாம் கொட்டிக் கொடுத்தார்கள். வசூல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வீடியோ கேமிலிருந்து வந்த சோனிக் இதற்கு விதிவிலக்கு. 2019 முன்னோட்டத்தில் அதன் பல்லையும் முகத்தையும் பார்த்து ஊரே பயந்துபோனதால், வெளியீட்டைத் தள்ளிப்போட்டு உருவத்தையே மாற்றினார்கள். அடுத்தடுத்த பாகங்கள் முந்தியதைவிட நன்றாகவே ஓடின. முதல் பாகத்திலேயே சண்டையை முடித்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

அப்படியானால் பழைய ரசிகன் சொல்வதை யார்தான் கேட்கிறார்கள்? நீண்ட நாள் யாரும் கேட்கவில்லை; கேட்க அவசியம் இருக்கவில்லை. மூன்றாம் பாகமும் நான்காம் பாகமும் ஆளுக்கு 1.1 பில்லியன் டாலரைத் தொட்டன. 2014-இல் வந்த நான்காம் பாகம், அமெரிக்காவைவிடச் சீனாவில் அதிகம் சம்பாதித்தது. அந்தக் கணக்கில் அங் மோ கியோ மூவறை வீட்டு நாட்காட்டித் தாளுக்கு என்ன மதிப்பு? 2017-இல் ஐந்தாம் பாகம் சுமார் 605 மில்லியனாகச் சரிந்த பிறகுதான் காது திறந்தது. 2018-இல் ‘பம்பிள்பீ’ வந்தது. பம்பிள்பீ மறுபடி வோக்ஸ்வாகன் பீட்டில். தொடக்கக் காட்சியில் ரோபோக்கள் அச்சு அசலாகக் கார்ட்டூன் சாயலில். ஒரு பெண்ணுக்கும் ஒரு ரோபோவுக்குமான சிநேகம்தான் கதை. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், நாங்களும் கொண்டாடினோம். வசூல் 468 மில்லியன். திட்டித் தீர்த்த இரண்டாம் பாகத்தில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். 2024-இல் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்’ என்ற அனிமேஷன் படம் வந்தது. மனிதர்களே இல்லை, முழுக்க ரோபோக்கள், ஆப்டிமஸும் மெகாட்ரானும் நண்பர்களாக இருந்து பகைவர்களான கதை. நான் 1986-இலிருந்து கேட்டது இதைத்தான். உலக வசூல் 130 மில்லியனைக்கூட எட்டவில்லை. நான் அதை எங்கே பார்த்தேன் என்று கேட்காதீர்கள். வீட்டில், சோபாவில், இரண்டு தவணையாக.

சிங்கப்பூருக்கு இந்தக் கதையில் வெறும் பார்வையாளர் வேடம் மட்டும் இல்லை. செந்தோசாவில் யுனிவர்சல் ஸ்டூடியோஸின் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் முப்பரிமாண ரைடு 2011 டிசம்பரில் திறந்தபோது, உலகத்தில் அதுதான் முதல். ஹாலிவுட்டுக்கே மறு ஆண்டுதான் வந்தது. ரோபோக்களுக்கு உருவம் கொடுத்த ஐஎல்எம் நிறுவனத்தின் கிளை ஒன்-நார்த் வட்டாரத்தில், சேண்ட்கிராலர் என்ற பளபளப்பான கட்டடத்தில் இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசைக்கும் அங்கே வேலை நடந்திருக்கிறது. மரினா பேயில் ஏழாவது படத்துக்குச் சிவப்புக் கம்பளம் விரித்து மூன்று மாதம் ஆவதற்குள், 2023 ஆகஸ்டில், அந்தக் கிளையை மூடப்போவதாக அறிவித்தார்கள். 300-க்கும் மேற்பட்டோருக்கு வேலை போகும் நிலை. ஒரு பிரேமுக்கு 72 மணி நேரம் என்று நான் எழுதியது வெறும் கம்ப்யூட்டர் நேரம். அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் நேரம் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

மொழியும் கருத்தை மாற்றுகிறது. என் மனைவியின் அண்ணன் மன்னார்குடிக்காரர். இங்கே வேலைக்கு வந்து பன்னிரண்டு ஆண்டு ஆகிறது. அவர் இந்தப் படங்களையெல்லாம் ஊரில் தமிழ் டப்பிங்கில்தான் பார்த்திருக்கிறார். நான் பீட்டர் கல்லன் குரல் பற்றி நீட்டி முழக்கினால், “மாப்ள, எங்க ஊர்ல அந்த லாரி நல்லா கணீர்னு தமிழ் பேசுச்சு” என்பார். டப்பிங்கில் வசனத்தை நம் ஊருக்கு ஏற்ற மாதிரி எழுதிவிடுகிறார்கள். இரண்டாம் பாகத்தின் அரட்டை அவருக்குச் சலிக்கவே இல்லை. சிங்கப்பூர் அரங்கில் நாங்கள் ஆங்கிலத்தில் கேட்டு, அடியில் ஓடும் சீன எழுத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள இந்தியர்களில் ஏறக்குறைய 59 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். என் தலைமுறையில் ஆப்டிமஸ் ஆங்கிலம் பேசினார், நாங்கள் அவருக்குத் தமிழில் பதில் சொன்னோம். மருமகன் அவருக்கு ஆங்கிலத்திலேயே பதில் சொன்னான். மச்சானுக்கு மொழிபெயர்க்கும் வேலையே இருக்கவில்லை.

இப்போது மருமகனிடம் திரும்ப வருகிறேன். அன்று காப்பிக்கடையில் அவன் 2009 படத்துக்காக வாதாடினான். காட்டில் ஆப்டிமஸ் தனியாளாக மூன்று பேரை எதிர்த்து நிற்கும் சண்டை. அதைவிட நல்ல ரோபோ சண்டை அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் வரவில்லை என்றான். யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். பகல் வெளிச்சம், கேமரா ஓரளவு நிதானமாக நிற்கிறது, யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரிகிறது. “அவரு செத்தப்ப நான் அழுதேன், ஞாபகம் இருக்கா?” என்று கேட்டான்.

ஞாபகம் இருந்தது. என் சட்டை நனைந்தது. நான் திரையைத் திட்டிக்கொண்டிருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1986-இல் எட்டு வயதில் ஆப்டிமஸ் செத்ததைக் கேள்விப்பட்டு நானும் தம்பியும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தோம், அதேதான் இது. அவனுக்குக் கார்ட்டூன் கிடையாது. அவன் குழந்தைப்பருவத்துக்கு மைக்கேல் பே படம்தான் அசல். அசலுக்கு முந்திய அசல் ஒன்று இருந்தது என்று நான் சொல்வது, அவன் காதில் தாத்தா காலத்து மலாயா ரயில் கதை மாதிரிதான் விழும். ஏழாவது படத்தைப் பார்த்துவிட்டு வந்து அவன் சொன்ன குறைகளை நான் எழுதி வைத்திருக்கிறேன்: ரோபோக்களுக்கு எடை இல்லை, உலோகம் உரசும் சத்தம் சரியில்லை, வெடி போதவில்லை. வெடி போதவில்லையாம்! 2009-இல் வெடி தாங்காமல்தான் எனக்குத் தலைவலியே வந்தது.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளுக்கு அந்தப் படத்தில் பிடித்தது ஆப்டிமஸ் பிரைமல், அதாவது கொரில்லாவாக மாறும் ரோபோ. லாரியை அவள் கண்டுகொள்ளவே இல்லை. “லாரி சும்மா லாரிதானேப்பா” என்றாள்.

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் மூவரும் செந்தோசா போனோம். ரைடில் முன்வரிசை கிடைத்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வண்டி குலுங்கி, மெகாட்ரான் முகத்துக்கு நேரே கத்தி, டெவாஸ்டேட்டர் எல்லாவற்றையும் உறிஞ்சி இழுத்து முடித்தது. இறங்கும்போது மருமகனுக்கு வாயெல்லாம் பல். மகள் முகம் தொங்கியிருந்தது. 2011-இல் கட்டிய ரைடு. அதில் கொரில்லா எப்படி வரும்?

“கொரில்லா எங்க? ஏன் அதப் போடல? நல்லாவே இல்ல” என்றாள், வாசலில் நின்ற பணியாளருக்கும் கேட்கும்படி.

மருமகன் குனிந்து அவள் கண்ணாடியைக் கழற்றி வாங்கினான். “இதுதான் பாப்பா ஒரிஜினல்” என்றான். “நீ அப்ப பிறக்கவே இல்ல, உனக்குத் தெரியாது.”